பட்டத்தின் விலையும் பட்டத்தின் மதிப்பும்

(ஜாசின் வட்டாரத் தோட்டக் குடும்பங்களிடையே ஆற்றிய உரை)

 

பல்கலைக்கழகம் என்பது ஒரு காலத்தில் நம் தோட்டப்புற மக்களுக்கு எட்டாத தொலைவில் இருந்தது. கோலாலம்பூருக்கோ பினாங்குக்கோ பிள்ளையை அனுப்பி, தங்க இடம் பார்த்து, மாதந்தோறும் பணம் அனுப்பிப் படிக்கவைக்கும் வசதி மிகச் சில குடும்பங்களுக்கே வாய்த்தது. இன்று நிலைமை மாறிவிட்டது. கைப்பேசியைத் திறந்தால் பல்கலைக்கழகமே வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. “வேலையை விட வேண்டியதில்லை, வீட்டிலிருந்தே பட்டம் பெறலாம், முன்பணம் செலுத்தினால் போதும், இன்றே பதிவு செய்யுங்கள்” என்ற அழைப்புகள் காலையும் மாலையும் வந்துகொண்டே இருக்கின்றன.

இந்த அழைப்பைக் கேட்டு நம் குடும்பங்களில் இரண்டு வகையான பேச்சு நடக்கிறது. “இதெல்லாம் ஏமாற்று, வகுப்பறைக்குப் போகாத படிப்பு ஒரு படிப்பா?” என்று பெரியவர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். “எப்படியாவது ஒரு பட்டம் கையில் இருந்தால் போதும், வேலை தானாக வரும்” என்று இளைஞர்கள் அவசரப்படுகிறார்கள். இவ்விரண்டும் சரியன்று. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் வாக்கு. கல்விக்குப் போடும் பணம் ஆற்றில் போடும் பணம் அன்று. ஆயினும் அதையும் அளந்துதான் போட வேண்டும். எப்படி அளப்பது என்பதைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

தொலைக்கல்வி புதியதன்று

வீட்டிலிருந்தே உயர்கல்வி பெறும் முறை இணையத்தோடு பிறந்ததன்று. 1969-இல் பினாங்கில் தொடங்கப்பெற்ற மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், 1971-ஆம் ஆண்டிலேயே வளாகத்துக்கு வெளியே இருப்போருக்குப் பட்டக் கல்வி வழங்கும் திட்டத்தைத் தொடக்கியது. இங்கிலாந்தின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தன் முதல் மாணவர்களுக்குப் பாடம் நடத்தத் தொடங்கியதும் அதே 1971-இல்தான். ஆகவே இத்துறையில் நம் நாடு பிந்தியிருக்கவில்லை. வேலை பார்த்துக்கொண்டே இரவில் படித்துப் பட்டம் பெறும் வழி அன்றே திறக்கப்பட்டது.

பின்னர், 2000-ஆம் ஆண்டில், நாட்டின் அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் கூட்டாக முன்னின்று மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தை நிறுவின. வேலை செய்யும் பெரியவர்களுக்கென்றே ஏற்பட்ட நிறுவனம் அது. அதனைத் தொடர்ந்து பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்டு வவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தோன்றியது. 2020 மார்ச்சு 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தபோது, வளாகத்திலிருந்த பல்கலைக்கழகங்களும் இணையத்தின்வழியே பாடம் நடத்த நேர்ந்தது. எனவே, வீட்டிலிருந்து படித்தது என்ற ஒரே காரணத்தால் ஒரு படிப்பைத் தாழ்வாக எண்ணுதல் தவறு.

ஆனால் ஒன்றை மறந்துவிடலாகாது. நல்ல பல்கலைக்கழகம் வரும் அதே வழியாகத்தான் போலியும் வருகிறது. கைப்பேசித் திரையில் இரண்டும் ஒரே அழகோடு தோன்றும். வேறுபாட்டை நாம்தான் கண்டறிய வேண்டும்.

கன்று எந்த இனம் என்று கேட்பது போல

ரப்பர்த் தொழிலை அறிந்த உங்களுக்கு இதை விளக்குவது எளிது. நம் மலாக்கா மாநிலத்திற்கு ஒரு பெருமை உண்டு. 1896-ஆம் ஆண்டில் டான் சே யான் என்ற மலாக்காச் சீனர் புக்கிட் லிந்தாங்கில் நாற்பது ஏக்கருக்குச் சற்று மேலான நிலத்தில் ரப்பரை நட்டார். இந்நாட்டில் வாணிக நோக்கில் எழுந்த முதல் ரப்பர்த் தோட்டம் அதுவே. அடுத்து 1898-இல் புக்கிட் அசகானில் பெருமளவில் நடவு தொடங்கினார். நட்ட கன்று பால் தர ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அதுவரை செலவேயன்றி வரவில்லை. நட்டது நல்ல இனமா அல்லவா என்பது ஆண்டுகள் கழிந்து மரத்தில் கத்தி வைக்கும்போதுதான் தெரியவரும்.

அதனால்தான் பிற்காலத்தில், கன்று நடுமுன்பே அதன் இனம் என்னவென்று கேட்கும் வழக்கம் ஏற்பட்டது. 1925-இல் அமைக்கப்பெற்ற ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் சோதித்து வெளியிட்ட ஆர்.ஆர்.ஐ.எம். 600 போன்ற ஒட்டுக்கன்றுகளின் பெயரை நம் தோட்டங்களில் அறியாதார் இலர். பெயர் தெரியாத கன்றை மலிவாகக் கிடைக்கிறதென்று எந்த நிருவாகமும் வாங்கி நடாது.

பட்டப்படிப்பும் இத்தகையதே. இன்று சேர்ந்தால் பயன் தெரிய ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். ஆகவே தொடக்கத்திலேயே அதன் இனத்தைக் கேட்டறிய வேண்டும். கல்வியில் அந்த இனப்பெயரைச் சொல்லுவது மலேசியத் தகுதிநிலை முகமை. எம்.கியூ.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்த முகமை 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைக்கப்பட்டது. அதற்கு முன் இப்பணியைத் தேசிய அங்கீகார வாரியம் செய்துவந்தது. அங்கீகாரம் பெற்ற படிப்புகளின் பெயர்களையெல்லாம் முகமை ஒரு பதிவேட்டில் வைத்திருக்கிறது. அப்பதிவேட்டை எவரும் இணையத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

பார்க்கும்போது மூன்றைக் கவனியுங்கள்.

முதலாவது, நிறுவனத்தின் பெயர் இருந்தால் போதாது, நீங்கள் சேரவிருக்கும் படிப்பின் பெயரே அங்கே இருக்க வேண்டும். ஒரு நிறுவனத்தில் பத்துப் படிப்புகள் அங்கீகாரம் பெற்றிருக்கலாம், பதினோராவது படிப்பு பெறாமல் இருக்கலாம்.

இரண்டாவது, அந்தப் படிப்பு எந்த முறையில் நடத்தப்படுவதற்கு அங்கீகாரம் பெற்றது என்பது. வளாகத்தில் நடத்தும் படிப்புக்குக் கிடைத்த அங்கீகாரம், அதையே தொலைக்கல்வியாக நடத்துவதற்கும் செல்லும் என்று எண்ணிவிடக் கூடாது. திறந்தநிலைத் தொலைக்கல்விக்கு முகமை தனி விதிமுறை வைத்திருக்கிறது.

மூன்றாவது, கிடைத்திருப்பது முழு அங்கீகாரமா, தற்காலிக அங்கீகாரமா என்பது. புதிதாகத் தொடங்கும் படிப்புக்குத் தற்காலிக அங்கீகாரம் இருப்பது இயல்பே. ஆயினும் அதைத் தெரிந்துகொண்டு சேர்வது வேறு, தெரியாமல் சேர்வது வேறு.

நல்ல பெயரும் போதாது

“பழமையான, புகழ்பெற்ற பல்கலைக்கழகம்தானே, இதையெல்லாமா பார்க்க வேண்டும்?” என்று சிலர் கேட்கலாம். இதற்கு விடையாக, நம் மக்களுக்கு நெருக்கமான தமிழகத்திலிருந்தே இரண்டு செய்திகளைச் சொல்லுகிறேன்.

சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929-இல் தோன்றியது. தமிழுக்கும் இசைக்கும் அது ஆற்றிய தொண்டு பெரிது. அதன் அஞ்சல்வழிக் கல்வி தமிழர் வாழும் நாடுகளிலெல்லாம் பெயர்பெற்றது. அத்தகைய பல்கலைக்கழகத்தைக் குறித்தே, 2022-ஆம் ஆண்டில் இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. தொலைக்கல்விப் படிப்புகளை நடத்த அப்பல்கலைக்கழகத்துக்கு வழங்கப்பட்ட அங்கீகாரம் 2014–15 கல்வியாண்டு வரைக்குமே உரியது என்றும், அதற்குப் பின் அங்கீகாரமின்றி நடத்திய படிப்புகள் செல்லா என்றும் அது தெரிவித்தது. பல்கலைக்கழகம் போலியானதன்று. பாடங்களும் போலியானவையல்ல. ஆயினும் இடைப்பட்ட ஆண்டுகளில் சேர்ந்து படித்தவர்கள், தங்கள் சான்றிதழ் செல்லுமா செல்லாதா என்று கலங்க நேர்ந்தது.

இரண்டாவது செய்தி இன்னும் கடுமையானது. இந்தியாவில், தமிழகத்தைச் சேர்ந்த ஒன்று உட்பட, நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் உரிய ஒப்புதலின்றித் தொலைக்கல்வி முறையில் பொறியியல் பட்டங்கள் வழங்கின. 2017 நவம்பர் 3-ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றம், 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டங்களை நிறுத்திவைத்தது. அவர்கள் மீண்டும் ஒரு தேர்வு எழுதித் தேறினால்தான் பட்டம் உயிர்பெறும் என்று தீர்ப்பளித்தது. அதற்குப் பின் சேர்ந்தவர்களின் பட்டங்களை அடியோடு நீக்கியது. பட்டத்தைக் காட்டி வேலையில் அமர்ந்து, பதவி உயர்வும் பெற்று, பத்து ஆண்டுகளுக்குமேல் கடந்தபின் இப்படி ஒரு தீர்ப்பு வந்தால் அந்தக் குடும்பங்களின் நிலை என்னவாகும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இவையெல்லாம் உண்மையான நிறுவனங்களில் நேர்ந்தவை. முழுப் போலிகளின் கதை வேறு. பாகிஸ்தானின் கராச்சி நகரிலிருந்த ஆக்சாக்ட் என்னும் நிறுவனம், இல்லாத பல்கலைக்கழகங்கள் நூற்றுக்கணக்கானவற்றை இணையத்தில் மட்டும் உருவாக்கி, உலகெங்கும் பட்டங்களை விற்றுவந்ததை 2015-இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் வெளிப்படுத்தியது. அழகிய கட்டடங்களின் படங்களும், சிரித்த முகத்துடன் நிற்கும் பேராசிரியர்களின் படங்களும் அந்தப் பக்கங்களில் இருந்தன. பல்கலைக்கழகம் மட்டும் இல்லை.

நம் நாட்டில் தனியார் உயர்கல்வி நிறுவனங்களுக்கென 1996-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பதிவு பெறாத ஒன்று பல்கலைக்கழகம் என்று பெயர் வைத்துக்கொண்டு இயங்குவது குற்றம். எனினும் கடல் கடந்து இயங்கும் ஒரு போலி நிறுவனத்திடம் கட்டிய பணத்தைத் திரும்பப் பெறுவது எளிதன்று. ஆகவே, “தேர்வே கிடையாது”, “ஆறே மாதத்தில் பட்டம்”, “இன்று கட்டினால் பாதிக் கட்டணம்” என்ற சொற்கள் காதில் விழுந்தால் அங்கே நின்றுவிடுங்கள். விருந்து மண்டபத்தில் அங்கியும் மாலையும் அணிவித்து, பணம் பெற்றுக்கொண்டு வழங்கும் ‘கௌரவ டாக்டர்’ பட்டங்களும் இந்த வகையைச் சேர்ந்தவையே.

ஏற்பவர் யார்?

அங்கீகாரம் இருக்கிறது என்று உறுதிப்படுத்திக்கொண்டபின் அடுத்த கேள்வி, அந்தப் பட்டத்தை நீங்கள் எங்கே கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறீர்கள் என்பது. சான்றிதழின் மதிப்பை முடிவு செய்வது அதைக் கொடுப்பவர் மட்டுமல்லர், அதைப் பெற்றுக்கொள்பவரும்தான்.

அரசாங்க வேலையை எண்ணிப் படிப்பவர் பொதுச் சேவைத் துறை அந்தப் பட்டத்தை ஏற்கிறதா என்று கேட்டறிய வேண்டும். அத்துடன் எஸ்.பி.எம். தேர்வில் மலாய்மொழியில் என்ன தேர்ச்சி கேட்கப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். மலாய்மொழித் தேர்ச்சி குறைவாயிருந்தால், எவ்வளவு உயர்ந்த பட்டமும் அந்தக் குறையை ஈடுசெய்யாது. முதலில் எழுத வேண்டியது அந்தத் தேர்வைத்தான். பொறியியல், மருத்துவத் தாதிமை, சட்டம் போன்ற தொழில்களுக்குத் தனித்தனி வாரியங்கள் உண்டு. அவற்றின் ஒப்புதல் இல்லாத பட்டம் அத்தொழிலுக்குப் பயன்படாது. வெளிநாட்டுப் பட்டமாயின், முகமையிடம் எழுத்து மூலம் கேட்டுப் பதில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

ஆயர் குரோவிலோ பத்து பெரெண்டாமிலோ தொழிற்சாலையில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர், மேற்பார்வையாளர் பதவிக்கு உயர வேண்டும் என்று விரும்பினால், தம் நிறுவனத்தின் பணியாளர் பிரிவிடம் நேரில் சென்று கேட்கலாம். “ஐயா, இந்தப் படிப்பை முடித்தால் எனக்குச் சம்பள உயர்வு உண்டா? எந்தப் படிப்பை நீங்கள் ஏற்பீர்கள்?” என்று கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. இந்த ஒரு கேள்வியைக் கேட்க அரை மணி நேரம் போதும். கேட்காமல் விட்டால் ஐந்து ஆண்டுகள் வீணாகலாம்.

பணக் கணக்கு

இனிச் செலவைப் பார்ப்போம். விளம்பரத்தில் சொல்லப்படும் தொகை மாதத் தவணை மட்டுமே. நாம் பார்க்க வேண்டியது மொத்தத் தொகை. பதிவுக் கட்டணம், பாடக் கட்டணம், தேர்வுக் கட்டணம், தோல்வியுற்ற பாடத்தை மீண்டும் எடுப்பதற்கான கட்டணம், பட்டமளிப்பு விழாக் கட்டணம் ஆகிய யாவையும் சேர்த்து எழுதித் தரும்படி கேளுங்கள்.

கட்டணம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கணக்கு விளங்குவதற்காக, ஒரு பட்டப்படிப்புக்கு எல்லாக் கட்டணமும் சேர்த்து 24,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மடிக்கணினிக்கும் ஐந்தாண்டு இணையத் தொடர்புக்கும் 6,000 வெள்ளி. மொத்தம் 30,000 வெள்ளி. இதை ஐந்து ஆண்டுகளுக்குப் பகிர்ந்தால் மாதம் 500 வெள்ளி ஆகிறது.

2025-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அதில் ஊழியர் சேமநிதிக்கு நூற்றுக்கு 11 வீதம் 187 வெள்ளி போய்விடும். சொக்சோ முதலியவற்றுக்கும் கழித்தால் கையில் வருவது ஏறத்தாழ 1,500 வெள்ளி. அப்படியானால், அந்தச் சம்பளம் வாங்குபவர் மாதம் 500 வெள்ளி கட்டுவதென்பது மூன்றில் ஒரு பங்கைக் கட்டுவதாகும். ஐந்து ஆண்டுகள், அதாவது அறுபது மாதங்கள், ஒரு மாதமும் தவறாமல் இதைக் கட்ட இயலுமா? மழைக்காலத்தில் வெட்டு குறையும். வீட்டில் ஒருவருக்கு நோய் வரும். திருமணம் வரும், இறப்பு வரும். இவற்றையெல்லாம் எண்ணிய பின்னும் இயலும் என்று தோன்றினால் மட்டுமே கையொப்பமிட வேண்டும்.

முழுத் தொகையையும் முதலிலேயே கட்டாதீர்கள். பருவத்துக்குப் பருவம் கட்டும் ஏற்பாட்டைக் கேளுங்கள். இடையில் நின்றுவிட்டால் பணம் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், படித்த பாடங்கள் பின்னர்க் கணக்கில் சேருமா என்பதையும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடன் வாங்கித்தான் படிக்க வேண்டுமென்றால், 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தேசிய உயர்கல்வி நிதிக் கழகமாகிய பி.டி.பி.டி.என். இருக்கிறது. அதன் சேவைக் கட்டணம் ஆண்டுக்கு 1 விழுக்காடு. நீங்கள் சேரும் படிப்புக்கு அந்தக் கடன் உண்டா என்று முன்னதாகவே விசாரியுங்கள். அங்கீகாரம் இல்லாத படிப்புக்கு அது கடன் தராது. ஒரு படிப்புக்கு இந்தக் கடன் கிடைக்காது என்றால், ஏன் கிடைக்காது என்று கேட்பதே ஒரு நல்ல சோதனை. ஊழியர் சேமநிதியிலிருந்தும் கல்விக்காகப் பணம் எடுக்க வழி உண்டு. ஆனால் அது முதுமைக்கு வைத்த பணம். பிள்ளையின் படிப்புக்காகத் தந்தை தம் முதுமைச் சோற்றை எடுக்கும்போது, அந்தப் படிப்பு உறுதியானதா என்று பன்மடங்கு ஆராய்தல் வேண்டும். தாலிக்கொடியை அடகு வைத்தும், ஆலோங்கிடம் வட்டிக்கு வாங்கியும் கட்டணம் கட்டுவதை எக்காரணத்தாலும் செய்யலாகாது.

நேரக் கணக்கு

பணத்தைக் காட்டிலும் பலர் எண்ணாமல் விடுவது நேரத்தை. நம் நாட்டு முறையில் ஓர் இளங்கலைப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கடன் அலகுகள் வேண்டும். ஓர் அலகு என்பது மாணவர் செலவிட வேண்டிய 40 மணி நேரத்தைக் குறிக்கும். அப்படியானால் ஒரு பட்டம் என்பது 4,800 மணி நேர உழைப்பு. ஐந்து ஆண்டுகளில் முடிக்க வேண்டுமென்றால் ஆண்டுக்கு 960 மணி, வாரத்துக்கு 18 மணிக்கு மேல், நாள் தவறாமல் இரண்டரை மணி நேரத்துக்கும் கூடுதலாகப் படிக்க வேண்டும்.

விடியுமுன் எழுந்து பெரட்டுக்குப் போய், மரம் வெட்டி, பால் எடுத்து, நிறுத்துவிட்டு வீடு திரும்புகிறவர் மாலையில் இரண்டரை மணி நேரம் புத்தகத்தோடு உட்கார வேண்டும். தொழிற்சாலையில் மாற்று நேர வேலை செய்பவருக்கும் இதே சிரமம் உண்டு. தாய்மார்களுக்கோ அடுப்படி வேலை முடிந்தபின்தான் நேரம் கிடைக்கும். இது இயலாதது என்று நான் சொல்லவில்லை. இயன்று காட்டியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்குப் பின்னால், அந்த இரண்டரை மணி நேரத்தை விட்டுக்கொடுத்த ஒரு குடும்பம் இருந்திருக்கும். எனவே, சேர்வதற்குமுன் வீட்டாரோடு உட்கார்ந்து பேசுங்கள். தொலைக்காட்சியை எப்போது அணைப்பது, சமையலையும் பிள்ளைகளையும் யார் பார்த்துக்கொள்வது என்பவற்றை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்.

இணையத் தொடர்பும் கணக்கில் சேர வேண்டியதே. 2020-ஆம் ஆண்டில் சபா மாநிலத்துக் கிராமம் ஒன்றில், ஒரு மாணவி இணையத் தொடர்பு கிடைப்பதற்காக மரத்தின்மேல் ஏறியிருந்து தேர்வு எழுதிய செய்தியை நாடே அறியும். நம் தோட்டங்களிலும் தொடர்பு விட்டுவிட்டு வரும் இடங்கள் உண்டு. தேர்வு நாளில் தொடர்பு அறுந்தால் நிறுவனம் என்ன ஏற்பாடு செய்யும் என்று கேட்டுவையுங்கள்.

உங்களால் முடியுமா என்று பார்க்க ஒரு செலவில்லாத வழியும் இருக்கிறது. கோர்செரா, எடெக்ஸ் போன்ற தளங்களில் 2012 முதல் பல பல்கலைக்கழகங்கள் தம் பாடங்களைத் திறந்துவைத்துள்ளன. நம் நாட்டு அரசாங்கப் பல்கலைக்கழகங்களும் 2014 முதல் இத்தகைய இலவசப் பாடங்களை வழங்கிவருகின்றன. அவற்றுள் ஒரு பாடத்தில் சேர்ந்து, ஒரு மாதம் நாள்தோறும் படித்துப் பாருங்கள். இவற்றில் சேருவோரில் மிகச் சிறு பகுதியினரே இறுதிவரை வருகிறார்கள் என்பது உலகெங்கும் கண்ட அனுபவம். அந்த ஒரு மாதத்தை முடித்தவர், பணம் கட்டிப் படிக்கத் துணியலாம். முடிக்க இயலாதவர், தமக்கு நட்டமின்றி ஓர் உண்மையை அறிந்துகொண்டவராவார்.

எடையும் சாரமும்

பால் நிறுக்கும் இடத்தில் நடப்பது உங்களுக்குத் தெரியும். வாளியிலிருக்கும் பாலின் எடைக்கு மட்டும் விலை போடுவதில்லை. மெட்ரோலாக் கருவியை விட்டு, அதில் உலர்ந்த ரப்பர் எவ்வளவு என்று பார்த்தே மதிப்பிடுகிறார்கள். பாலில் ரப்பர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான், மிச்சம் பெரிதும் நீர். தண்ணீர் கலந்தால் எடை கூடும், ரப்பர் கூடாது.

பட்டத்தையும் இப்படித்தான் மதிப்பிட வேண்டும். சான்றிதழின் பெயர் நீளமாயிருப்பதாலோ, கடல் கடந்து வந்ததாலோ அதன் சாரம் கூடிவிடாது. அதனால் உங்கள் வருமானம் எவ்வளவு உயர்ந்தது, உங்களால் செய்யக்கூடிய வேலை எவ்வளவு விரிந்தது என்பதே சாரம். முன்பு சொன்ன கணக்கில், 30,000 வெள்ளி செலவிட்டுப் படித்தவருக்கு மாதம் 500 வெள்ளி சம்பள உயர்வு கிடைத்தால், போட்ட பணம் அறுபது மாதத்தில் திரும்பிவிடும். அதன் பின்வரும் ஆண்டுகளெல்லாம் ஆதாயம். உயர்வு 250 வெள்ளிதான் என்றால் பத்து ஆண்டுகள் ஆகும். இருபத்தைந்து வயது இளைஞருக்கு அதுவும் நட்டமில்லை. ஐம்பது வயதை அடைந்தவர் மறுமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். உயர்வே இல்லை என்றால், அந்தப் பட்டம் சுவரில் மாட்டும் படமாகவே நிற்கும்.

பணத்தால் அளக்க முடியாத பயனும் கல்விக்கு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. படிக்கும் தாயைப் பார்த்து வளரும் பிள்ளை தானும் படிக்கும். தமிழிலக்கியம் கற்க வேண்டும் என்ற ஆசைக்காகவே படிப்பவரும் உண்டு. அந்த ஆசை உயர்ந்தது. ஆனால் அறிவுக்காகப் படிப்பவர் விலை உயர்ந்த சான்றிதழை வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. நூலகமும் இலவசப் பாடங்களும் அவருக்குப் போதும். வேலைக்காகப் படிக்கிறோமா, அறிவுக்காகப் படிக்கிறோமா என்பதைத் தொடக்கத்திலேயே தெளிவுபடுத்திக்கொண்டால் பாதிச் செலவு மிஞ்சும்.

வேறு வாயில்களும் உண்டு

எஸ்.பி.எம். தேர்வோடு படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்கு வந்தவர்கள், பட்டக் கல்விக்கான கதவு தங்களுக்கு மூடிவிட்டதென்று எண்ண வேண்டியதில்லை. ஏப்பெல் என்று சுருக்கமாக அழைக்கப்படும் முன்னனுபவக் கற்றல் அங்கீகார முறை இருக்கிறது. தொடர்புடைய வேலை அனுபவம் உள்ளவர், டிப்ளோமாவுக்கு 20 வயதிலும், இளங்கலைப் பட்டத்துக்கு 21 வயதிலும் இம்முறையில் விண்ணப்பிக்கலாம். அனுபவத்தைத் தொகுத்துக் காட்டி, தேர்வும் எழுதித் தேற வேண்டும். இது கல்லூரிக்குள் நுழைவதற்கான அனுமதி மட்டுமே. நுழைந்தபின் எல்லோரையும் போலப் படித்துத்தான் ஆக வேண்டும்.

மற்றொரு வாயில் தொழில்திறன் சான்றிதழ். எஸ்.கே.எம். எனப்படும் மலேசியத் தொழில்திறன் சான்றிதழைத் திறன் மேம்பாட்டுத் துறை வழங்குகிறது. பல ஆண்டுகள் வாகனம் பழுதுபார்த்தோ, மின்கம்பி இணைத்தோ, இரும்பு ஒட்டியோ கைத்திறன் பெற்றவர், முன்சாதனை அங்கீகாரம் என்ற வழியில், தாம் செய்த வேலையின் சான்றுகளைக் காட்டியே இச்சான்றிதழைப் பெற முடியும். கைத்தொழில் தெரிந்த ஒருவருக்கு, ஐந்தாண்டுப் பட்டத்தைக் காட்டிலும் இது விரைவாகவும் குறைந்த செலவிலும் பயன் தரக்கூடும்.

இப்போதுதான் எஸ்.பி.எம். முடித்த பிள்ளைகளுக்கு, இணையப் பட்டத்தை முதல் வழியாகக் காட்டாதீர்கள். நம் மாநிலத்திலேயே மெர்லிமாவில் பல்தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. ஜாசினிலும் மஸ்ஜித் தானாவிலும் சமூகக் கல்லூரிகள் இருக்கின்றன. டுரியான் துங்காலில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மலாக்கா இருக்கிறது. பல்தொழில்நுட்பக் கல்லூரியிலும் சமூகக் கல்லூரியிலும் கட்டணம் மிகக் குறைவு, பயிற்சிக் கூடங்களும் உண்டு. தொலைக்கல்வி, வேலையை விட முடியாத பெரியவர்களுக்குக் கிடைத்த இரண்டாவது வாய்ப்பு. பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு முதல் வாய்ப்பு இன்னும் கையில் இருக்கிறது.

நான்கு கேள்விகள்

நிறைவாக, பணம் கட்டுமுன் நான்கு கேள்விகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் படிப்பு, இந்த முறையில், தகுதிநிலை முகமையின் பதிவேட்டில் இருக்கிறதா? நான் கொண்டுபோய்க் கொடுக்கும் இடத்தில் இதை ஏற்பார்களா? கட்டணமும் நேரமும் மொத்தம் எவ்வளவு, அதை என் குடும்பம் தாங்குமா? இதே பயனைக் குறைந்த செலவில் தரும் வேறு வழி உண்டா? நான்குக்கும் தெளிவான விடை கிடைத்தால் துணிந்து சேருங்கள். ஒன்றுக்கேனும் விடை கிடைக்காவிட்டால் கிடைக்கும்வரை காத்திருங்கள். நல்ல கல்வி நாளையும் இருக்கும். “இன்றே கடைசி நாள்” என்று அவசரப்படுத்துவது வாணிகத்தின் குரல்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம் மக்கள் வீடிழந்து நின்ற காலத்தில், துன் வீ.தி. சம்பந்தன் அவர்கள் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். தொழிலாளர்கள் சிறுசிறு தொகையாகச் சேர்த்த பணத்தைக் கொண்டு அச்சங்கம் தோட்டங்களையே வாங்கியது. அந்தப் பணத்தைக் கட்டியவர்களில் பலர் எழுத்தறியாதவர்கள். ஆனால் எதற்குக் கட்டுகிறோம், எவரிடம் கட்டுகிறோம், அதனால் என்ன வரும் என்பதை அறிந்து கட்டினார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளாகிய நீங்கள் எழுத்தறிந்தவர்கள். பதிவேட்டைத் திறந்து பார்க்கும் வசதி உங்கள் கையிலேயே இருக்கிறது. அதைப் பார்த்து, அளந்து, தெளிந்து படியுங்கள். உங்கள் வீடுகளில் பட்டங்கள் பெருகட்டும், அவை ஒவ்வொன்றும் சாரமுள்ள பட்டங்களாக இருக்கட்டும் என்று வாழ்த்தி விடைபெறுகிறேன்.